ஒரே 2 லிட்டர், ஏறக்குறைய ஒரே பவர், ஆனா சம்பந்தமே இல்லாத ரெண்டு வண்டி

2002-ல அமெரிக்கால கார் பைத்தியம் பிடிச்ச நிறைய பேருக்கு வந்த குழப்பம் இது. ஒரு பக்கம் ஹோண்டா எஸ்2000, ரெண்டே சீட்டு, பட்டன அமுக்குனா துணி டாப் பின்னாடி மடங்கிக்கும், விலை 32,000 டாலர் பக்கம். இன்னொரு பக்கம் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், நாலு கதவு செடான், அஞ்சு பேர் உக்காரலாம், நாலு சக்கரமும் இழுக்கும், பானெட் மேல மூக்கு மாதிரி ஒரு பெரிய ஓட்டை, விலை 24,000 டாலர் பக்கம். பாக்க ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது, ஆனா ரெண்டு பானெட்டையும் தூக்கி பாத்தா கணக்கு சுவாரசியமா இருக்கும்.

ஹோண்டா இன்ஜின் 1,997 சிசி, சுபாரு இன்ஜின் 1,994 சிசி. ரெண்டும் நாலு சிலிண்டர், ரெண்டும் பெட்ரோல். ஹோண்டா 240 ஹெச்பி, சுபாரு 227 ஹெச்பி. நின்ன இடத்துலேந்து மணிக்கு 60 மைல் தொட ரெண்டுமே ஆறு செகண்ட் சுத்துவட்டாரத்துலதான் எடுத்துக்கும். அப்போ எத வாங்குனா என்னன்னு தோணும், ஆனா ஓட்டி பாத்தவங்க ஒருத்தர் கூட ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. ஏன்னு பாக்கணும்னா பவர் எங்கேந்து வருதுன்னு முதல்ல பாக்கணும்.

பெட்ரோல ஊத்துனா பவர் வருதுன்னு நாம நினைக்கறோம், பெட்ரோல் ஊத்தறது ஈஸிங்க, காத்து உள்ள போறதுதான் கஷ்டம். ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரியணும்னா 14.7 கிராம் காத்து வேணும். காத்தோ லிட்டருக்கு 1.2 கிராம்தான் எடை. அதனால ஒரு இன்ஜின் எவ்வளவு பவர் தரும்ங்கறத கிட்டத்தட்ட முடிவு பண்றது அது ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு காத்த உள்ள இழுக்குதுங்கறதுதான். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் மூச்சு வாங்கும், அதனால 2 லிட்டர் இன்ஜின் ஒரு சுத்துக்கு 1 லிட்டர் காத்து இழுக்கும்னு வச்சுக்கலாம். 6,000 ஆர்பிஎம்-னா, அதாவது நிமிஷத்துக்கு 6,000 சுத்துன்னா, நிமிஷத்துக்கு 6,000 லிட்டர். இதுக்கு மேல காத்து வேணும்னா, இன்ஜின் சைஸ மாத்தாம, ரெண்டே வழிதான் இருக்கு. ஒண்ணு இன்னும் வேகமா சுத்தணும், இல்லன்னா ஒவ்வொரு மூச்சுலயும் காத்த அமுக்கி திணிக்கணும். ஹோண்டா முதல் வழி, சுபாரு ரெண்டாவது வழி.

ஹோண்டா வழியதான் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அதுதான் பைத்தியக்காரத்தனமான வழி. 240 ஹெச்பி கிடைக்கறது 8,300 ஆர்பிஎம்-ல, மீட்டர்ல சிவப்பு கோடு 9,000 பக்கம். 9,000-ல ஒரு பிஸ்டன் கீழ இறங்கி காத்து இழுக்க கிடைக்கற நேரம் ஒரு செகண்டுல முந்நூறுல ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள்ள வால்வு திறந்து, அரை லிட்டர் காத்து உள்ள வந்து, வால்வு மூடணும். பிஸ்டன் 84 மில்லிமீட்டர் மேலயும் கீழயும் போகுது, சராசரி வேகம் செகண்டுக்கு 25 மீட்டர், மணிக்கு 90 கிலோமீட்டர், அதுவும் ஒவ்வொரு ஸ்ட்ரோக் முடிவுலயும் முழுசா நின்னு திரும்பணும். மேல போய் திரும்பற அந்த நொடில பிஸ்டன் மேல விழற முடுக்கம் புவியீர்ப்பு மாதிரி 4,000 மடங்குக்கு மேல, அதாவது பிஸ்டனோட ஒவ்வொரு 100 கிராம் உலோகமும் அத பிடிச்சிருக்கற கனெக்டிங் ராட போட்டு 400 கிலோவுக்கு மேல இழுக்கும். அதுக்கு தாங்கற பிஸ்டன், ராட், வால்வு ஸ்பிரிங் எல்லாம் போடணும்னா காசு. 32,000 டாலர்ல கொஞ்சம் இங்கதான் போச்சு.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. இவ்வளவு வேகத்துல காத்துக்கு தனியா ஒரு உந்துதல் வந்துடும், பைப்புல ஓடி வர்ற காத்து சட்டுன்னு நிக்காது. அதனால பிஸ்டன் அடில போய் திரும்பி மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் வால்வ கொஞ்ச நேரம் திறந்தே வச்சா, வர்ற வேகத்துலயே இன்னும் கொஞ்சம் காத்து உள்ள நுழைஞ்சுக்கும். அருமையான ஐடியா, ஆனா 2,000 ஆர்பிஎம்-ல காத்துக்கு அந்த வேகம் இருக்காது, அப்போ வால்வு திறந்திருந்தா பிஸ்டன் உள்ள வந்த காத்தயே திரும்ப வெளிய தள்ளிடும், சிக்னல்ல வண்டி திணறும். வால்வ எவ்வளவு நேரம் திறந்து வைக்கணும்னு முடிவு பண்றது கேம், சுத்தற ஷாஃப்ட்ல இருக்கற ஒரு மேடு. அதாவது 9,000-க்கு ஒரு கேம் வேணும், 2,000-க்கு வேற கேம் வேணும். ஹோண்டா 1989-லயே இன்டெக்ரால இதுக்கு ஒரு வழி கொண்டு வந்துச்சு, அதான் விடெக். ஒரே ஷாஃப்ட்ல சின்ன கேமும் இருக்கும் பெரிய கேமும் இருக்கும். சாதாரணமா சின்ன கேம்தான் வால்வ தள்ளும். எஸ்2000-ல 6,000 பக்கம் வந்ததும் ஆயில் பிரஷர் ஆணி மாதிரி ஒரு குட்டி பின்னை தள்ளி, கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கற ராக்கர் ஆர்ம் எல்லாத்தையும் ஒண்ணா பூட்டிடும், அப்புறம் பெரிய கேம் வச்சதுதான் சட்டம். சத்தமே மாறும், முதுகுல ஒரு தள்ளு தள்ளும், ஓட்டறவனுக்கு சிரிப்பு வந்துடும்.

சரி, சுபாரு. இங்க இன்ஜின் சாதாரண வேகத்துலதான் சுத்துது, 6,000-ல 227 ஹெச்பி. காத்த திணிக்கற வேலைய டர்போ பாத்துக்கும். இது ஒண்ணும் புதுசு இல்ல, ஸ்விட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃப்ரெட் ப்யூக்கி 1905-லயே பேட்டன்ட் வாங்கிட்டாரு, கடைல விக்கற கார்ல வந்தது 1962-ல, ஓல்ட்ஸ்மொபைலும் செவர்லேவும் போட்டாங்க. எரிச்ச பெட்ரோலோட சூட்டுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு சும்மா சைலன்சர் வழியா வெளிய போகுது. அந்த சூடான புகை போற வழில ஒரு சக்கரம் வச்சா சுத்தும், அதே தண்டுல அந்த பக்கம் இன்னொரு சக்கரம் வச்சா அது வெளி காத்த அமுக்கி உள்ள அனுப்பும். ஃபுல் பூஸ்ட்ல, அதாவது காத்த முழு அழுத்தத்துல திணிக்கறப்போ, அந்த தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும், ஒரு பக்கம் செக்கச்செவேல்னு காயும், இன்னொரு பக்கம் வெளி காத்து, நடுவுல மெல்லிசா ஒரு ஆயில் படலம்தான் பேரிங். டர்போ வண்டில ஆயில் மாத்த சோம்பல் படறவங்க இத ஒரு தடவை மனசுல ஓட்டி பாக்கணும்.

காத்த அமுக்குனா சூடாகும், சைக்கிள் பம்ப் அடிச்சவங்களுக்கு தெரியும். 25 டிகிரி காத்த ஏறக்குறைய ரெண்டு மடங்கு அழுத்தத்துக்கு கொண்டு போனா 100 டிகிரிய தாண்டிடும். சூடான காத்துல அடர்த்தி குறைவு, அது மட்டுமில்லாம ஸ்பார்க் அடிச்ச பிறகு தீ பரவி வந்து சேர்றதுக்கு முன்னாடியே மிச்ச பெட்ரோல் தானா வெடிக்க ஆரம்பிச்சுடும், அதான் நாக்கிங், பிஸ்டன்ல ஓட்டை போடற வியாதி. அதுக்குதான் இன்டர்கூலர், அமுக்குன காத்த ஆற வைக்கற ரேடியேட்டர். சுபாரு அத இன்ஜின் தலைமேல படுக்க வச்சிருக்கு, பானெட் மேல இருக்கற அந்த ஓட்டை அதுக்கு காத்து குடுக்கத்தான், அலங்காரத்துக்கு இல்ல. அப்பவும் போதாதுன்னு கம்ப்ரெஷன் விகிதத்த, அதாவது சிலிண்டருக்குள்ள பிஸ்டன் காத்த எத்தனை மடங்கு அமுக்குதுங்கறத, 8-க்கு இறக்கி வச்சிருக்காங்க, ஹோண்டால அது 11. இந்த 8-னால ஒரு நஷ்டம், பூஸ்ட் வராத நேரத்துல இன்ஜின் சோம்பேறியா இருக்கும். 3,000-க்கு கீழ ஆக்சிலேட்டர மிதிச்சா புகை போதல, டர்போ சுத்தல, டர்போ சுத்தாததுனால காத்து வரல, காத்து வராததுனால புகை வரல, இந்த வட்டம் முடிஞ்சு பிக்கப் வர்றதுக்குள்ள முன்னாடி போன லாரி போய்டும், அதான் டர்போ லேக். அமெரிக்க மாடல்ல மாசு குறைக்கறதுக்காக டர்போவுக்கு முன்னாடியே ஒரு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர வேற வச்சுட்டாங்க, புகையோட வேகம் அங்க கொஞ்சம் போச்சு, லேக் இன்னும் கொஞ்சம் கூடிச்சு.

இப்போ கணக்க சேத்து பாருங்க. ஹோண்டா 8,300-ல நிமிஷத்துக்கு 8,300 லிட்டர், ஏறக்குறைய 10 கிலோ காத்து. சுபாரு 6,000-ல 6,000 லிட்டர்தான், ஆனா அமுக்குன காத்து, அவுத்து விட்டா அதுவும் 8,000 லிட்டர தாண்டும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காத்த தின்னுது, அதான் ஒரே மாதிரி பவர்.

ஆனா யாரு தினம் 8,300-ல ஓட்டறா?

அங்கதான் டார்க் வருது, அதாவது இன்ஜின் தண்ட திருப்பற முறுக்கு பலம். பவர்னா டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கறதுதான், வேற ரகசியம் இல்ல. ஹோண்டாவோட அதிகபட்ச டார்க் 207 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,500-ல. சுபாருவோடது 294, வெறும் 4,000-ல. ஹைவேல ஒரு லாரிய தாண்டணும், மீட்டர் 4,000-ல இருக்குன்னு வச்சுக்குங்க. சுபாரு அங்க 165 ஹெச்பி கைல வச்சிருக்கு. ஹோண்டாவுக்கு அதோட உச்ச டார்க்க அப்படியே 4,000-லயும் தானமா குடுத்தா கூட 116 ஹெச்பிதான் வரும், நிஜத்துல அதுவும் வராது. ஒரே பவர்னு பேப்பர்ல போட்ட ரெண்டு வண்டில ஒண்ணு சும்மா காலால அழுத்துனா போகும், இன்னொண்ணுக்கு ஆறாவதுலேந்து மூணாவது கியருக்கு இறக்கி 7,000 வரைக்கும் கதற விடணும். கியர் இறக்குனா ஹோண்டா தோக்காது, ஏன்னா அதிகமா சுத்தற இன்ஜினுக்கு கியர் விகிதம் ஷார்ட்டா, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த இன்ஜின் அதிக சுத்து சுத்தற மாதிரி, வைக்கலாம், சக்கரத்துக்கு போற இழுவை திரும்ப ஏறிடும். கியர் மாத்தறதே சந்தோஷம்னு இருக்கறவனுக்கு இது வரம், டிராஃபிக்ல ஆஃபீஸ் போறவனுக்கு தண்டனை.

2004-ல அமெரிக்க எஸ்2000-க்கு ஸ்ட்ரோக்க நீட்டி 2.2 லிட்டர் ஆக்குனாங்க, ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கி டார்க் கொஞ்சம் ஏறுச்சு. நல்ல முடிவுதான், ஆனா 9,000 போன வருத்தம் சில பேருக்கு இன்னும் தீரல.

டர்போவுக்கு இன்னொரு மறைமுக லாபம் உண்டு, மலை. டென்வர் மாதிரி 1,600 மீட்டர் உயரத்துல இருக்கற ஊர்ல காத்து அழுத்தம் கடல் மட்டத்த விட ஆறுல ஒரு பங்கு குறைவு, ஹோண்டாவோட பவரும் அதே அளவுக்கு அப்படியே போய்டும். டர்போ இன்னும் வேகமா சுத்தி அதுல பெரும்பகுதிய ஈடு கட்டிடும். அங்க பனியும் கொட்டும், நாலு சக்கரமும் இழுக்கற வண்டி ஐஸ் மேல கிளம்பறதுல கில்லாடி. ஆனா நிக்கறதுல எந்த உதவியும் கிடையாது, பிரேக்கு எல்லா கார்லயும் நாலு சக்கரத்துலதான் இருக்கு, இத மறந்து பனில பறந்து பள்ளத்துல போய் கிடக்கறவங்க நிறைய.

வளைவுக்கு வந்தா கதை தலைகீழ். எஸ்2000-ஓட எடை 1,270 கிலோ பக்கம், சுபாரு 1,400 பக்கம். எடைய விட முக்கியம் அந்த எடை எங்க உக்காந்திருக்குங்கறது. சுபாருல படுத்த மாதிரி இருக்கற பாக்ஸர் இன்ஜின் முன் ஆக்ஸிலுக்கும் முன்னாடி தொங்குது. எஸ்2000-ல இன்ஜின முன் ஆக்ஸிலுக்கு பின்னாடி தள்ளி உக்கார வச்சாங்க, முன்னாடி பின்னாடி எடை கிட்டத்தட்ட பாதிக்கு பாதி. சுழற்சில தூரத்தோட வர்க்கம்தான் கணக்கு, நடுவுலேந்து ரெண்டு மடங்கு தூரத்துல வச்ச எடைய திருப்ப நாலு மடங்கு கஷ்டம். இடுப்புல வச்ச குடத்தோட சட்டுன்னு திரும்பறதும் கைய நீட்டி புடிச்ச குடத்தோட திரும்பறதும் ஒண்ணாகுமா, அதேதான். ஸ்டீரிங்க தொட்டதும் எஸ்2000 திரும்பிடும், சுபாரு முதல்ல மூக்க வெளிய தள்ளிட்டு அப்புறம்தான் யோசிக்கும். இதுக்கு இன்னொரு முகமும் உண்டு, சட்டுன்னு திரும்பற வண்டி சட்டுன்னு சுத்தவும் செய்யும். ஆரம்ப கால எஸ்2000-ல சஸ்பென்ஷன் அமுங்கறப்போ பின் சக்கரத்தோட கோணம் கொஞ்சம் மாறும், வளைவுக்கு நடுவுல பயந்து காலை எடுத்தா வால் முன்னாடி வந்துடும்னு பேரு வாங்குச்சு, 2004 மாடல்ல அந்த கோணம் மாறறத குறைச்சாங்க.

கூரை இல்லாததும் ஒரு இன்ஜினியரிங் தலைவலி. மூடுன கார் ஒரு பெட்டி, கூரைய எடுத்துட்டா முறுக்கறது ரொம்ப ஈஸி. பாடி முறுக்குனா சஸ்பென்ஷன் எவ்வளவு நல்லா செஞ்சும் வேஸ்ட். பல கம்பெனி செடானோட கூரைய வெட்டிட்டு அடில இரும்ப அடிச்சு ஒப்பேத்துவாங்க, ஹோண்டால ஷிகேரு உயேஹாரா டீம் எஸ்2000-ஐ ஆரம்பத்துலேந்தே கூரை இல்லாத வண்டியாவே வரைஞ்சாங்க, நடுவுல போற டன்னலையே முதுகெலும்பா ஆக்கிட்டாங்க. அதனாலதான் உள்ள இடமே இல்ல. டிக்கி சுபாருவோடதுல பாதி கூட கிடையாது, குழந்தை குட்டி இருந்தா பேச்சே வேண்டாம்.

இன்னிக்கு இந்த சண்டைல ஜெயிச்சது டர்போதான்னு ஒத்துக்கணும். நம்ம ஊர்ல ஓடற ஸ்லாவியா, விர்ட்டுஸ்ல வர்ற 1 லிட்டர் மூணு சிலிண்டர் டர்போ 1,750 ஆர்பிஎம்-லயே 178 நியூட்டன் மீட்டர் குடுக்குது, எஸ்2000 அத விட கொஞ்சம் கூட குடுக்க 7,500 போகணும். சின்ன டர்போ, நேரடியா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் அடிக்கற இன்ஜெக்ஷன்னு வந்ததுல பழைய லேக் பெரும்பாலும் போச்சு. எஸ்2000 2009-ல நின்னுது, அது மாதிரி இன்ஜின் இப்போ யாரும் அந்த விலைக்கு செய்யறது இல்ல.

என் கட்சி கேட்டா, வீட்ல ஒரே வண்டின்னா சுபாரு, ரெண்டாவது வண்டிக்கு இடமும் காசும் இருந்தா கண்ண மூடிட்டு எஸ்2000. ரெண்டுமே இப்போ பழைய வண்டிதான், வாங்கறவங்க எஸ்2000-ல ஆயில் லெவல பாக்காம வாங்காதீங்க, எப்பவும் மேல் ஆர்பிஎம்-லயே ஓடுன இன்ஜின் ஆயில் குடிக்கும். சுபாருல பாக்க வேண்டியது அந்த அஞ்சு கியர் பாக்ஸ். பின் சக்கரம் மட்டும் இழுக்கற வண்டில கிளட்ச படார்னு விட்டா டயர் வழுக்கும், அதிர்ச்சி அங்கயே தீந்துடும். நாலு டயரும் ரோட்ட கவ்விட்டு நிக்கற வண்டில டயர் வழுக்காது, அந்த மொத்த அடியும் கியர் பல்லுல போய் விழும், அந்த பாக்ஸ் அதுக்கு தாங்காதுன்னு நல்லா பேரெடுத்தது. ரேஸ் விட்டீங்களான்னு கேட்டா எந்த ஓனரும் ஆமான்னு சொல்ல மாட்டாரு, அதனால ரெண்டாவது மூணாவது கியர்ல நல்லா இழுத்து விட்டு உள்ளேந்து ஊளை சத்தம் வருதான்னு நீங்களே ஓட்டி பாத்துட்டு விலை பேசுங்க.