பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லும் முன்

குழந்தைகள் மனநல ஆலோசகராகச் சென்னையில் பணிபுரியும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கொண்டுவரும் புகார், பிள்ளை வாயைத் திறந்தாலே பொய் சொல்கிறான் என்பதுதான். பிள்ளையிடம் தனியே பேசினால் கதை சற்று மாறும். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்), தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் "யாராவது கேட்டா நாலு வயசுன்னு சொல்லணும்" என்று அம்மா சொல்லிக்கொடுத்ததையும், பரிசோதகரிடம் அப்படியே சொன்னதற்காக இறங்கியதும் கடலை மிட்டாய் கிடைத்ததையும் பெருமையோடு விவரித்தான். 5 வயது நிறைந்த பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் எடுக்க வேண்டும். அதில் மிச்சமானது சில ரூபாய். அதே வாரம், வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டதாகப் பொய் சொன்னதற்கு அவனுக்கு அடி விழுந்திருந்தது. ஒரு பொய்க்கு மிட்டாயும் இன்னொன்றுக்கு அடியும் ஏன் என்று அவன் கேட்டான்; அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 3 முதல் 7 வயது வரையிலான 186 குழந்தைகளில் ஒரு பகுதியினரைப் பக்கத்து அறையில் மிட்டாய் இருப்பதாகச் சொல்லி அழைத்துவந்து, பிறகு அது பொய் என்று பெரியவரே ஒப்புக்கொண்டார். அடுத்து நடந்த விளையாட்டில், பார்க்கக் கூடாத பொம்மையை எட்டிப்பார்த்துவிட்டுப் பார்க்கவே இல்லை என்று சாதித்தவர்கள், பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, ஏமாற்றப்பட்டவர்களிடையேதான் அதிகம். அதைவிடச் சிறியவர்களிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை.

அடித்தால் திருந்திவிடும் என்பவர்களுக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1965இல் வெளியிட்ட சோதனையைச் சொல்வேன். அதில், பொம்மையை அடித்த பெரியவர் ஒருவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் அவரைப் போலச் செய்வது குறைந்தது. ஆனால் செய்துகாட்டினால் பரிசு உண்டு என்றதும், மற்றக் குழந்தைகளுக்கு இணையாக அவர்களும் செய்துகாட்டினார்கள். பார்த்ததை அவர்களும் கற்றுத்தான் இருந்தார்கள்; அச்சம் அதை வெளியே வராமல் வைத்திருந்தது, அவ்வளவே.

பெரியவர்கள் செய்வதையெல்லாம் பிள்ளைக்கும் அனுமதிக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அப்பா காபி குடிப்பதும் இரவு நெடுநேரம் விழித்திருப்பதும் வயதைச் சார்ந்த விதிகள். அப்படியே சொல்லிவிட்டால் பிள்ளைகள் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். தலைக்கவசம் அப்படிப்பட்டதன்று. 4 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்க, தாம் மட்டும் அணிந்துகொண்டு பிள்ளையை வெறுந்தலையோடு முன்னால் நிறுத்தி, யூ-டர்ன் தொலைவு என்று எதிர்த்திசையில் வண்டியை விடும் தந்தை, பள்ளி வாசலில் "ரூல்ஸை மதிக்கணும்" என்று இறக்கிவிடுவதை வாரத்தில் பல நாள் பார்க்கிறேன்.

தவறே செய்யாத பெற்றோர் எவரும் இல்லை. நான் கேட்பது, தவறிய பின் அதைப் பெயர் சொல்லி ஏற்பதை மட்டுமே. "அன்னிக்கு உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது தப்பு, இனிமே டிக்கெட் எடுத்துடலாம்" என்ற ஒரு வாக்கியம் போதும். மரியாதை போய்விடும் என்று தயங்கும் தந்தையர் உண்டு. ஆனால் "நீங்க மட்டும் செய்யலாமா?" என்ற கேள்விக்கு "எதிர்த்துப் பேசாதே" என்று பதில் வரும் வீடுகளில்தான், பத்து வயதுக்குப் பிறகு பிள்ளைகள் எதையும் சொல்வதை நிறுத்திக்கொள்வதைக் காண்கிறேன்.

இவ்வளவும் செய்த பின்னரும் பொய் தொடர்ந்தால், குறிப்பாகத் தூக்கம், பசி, பள்ளிக்குப் போகும் ஆர்வம் ஆகியவையும் மாறியிருந்தால், காரணம் பள்ளியிலோ வேறெங்கோ இருக்கலாம். அப்போது குழந்தைகள் நல மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.