ஆளுநரின் பேனா எதை அடிக்கலாம்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பள்ளிகள் ஒரு மாணவருக்கெனத் திரட்டக்கூடிய வருவாயின் உச்சவரம்பை ஆண்டுக்கு 325 டாலர் உயர்த்த 2023-ஆம் ஆண்டு பட்ஜெட் மசோதா வழிசெய்தது. 2023-24, 2024-25 ஆகிய இரு கல்வியாண்டுகளுக்கு மட்டும்தான். ஆளுநர் டோனி எவர்ஸ் அந்த வாக்கியத்தில் இடையிலிருந்த சொற்களையும் சில இலக்கங்களையும் ஒரு சிறு கோட்டையும் அடித்தார். புதிதாக எதையும் எழுதவில்லை. எஞ்சியது 2023-2425. இரண்டாண்டு உயர்வு 400 ஆண்டுகளுக்கு மேல் நீண்டுவிட்டது.

பட்ஜெட் மசோதாவில் ஏராளமான ஒதுக்கீடுகள் ஒரே கட்டாக வருகின்றன. முழுவதையும் ஏற்க வேண்டும் அல்லது முழுவதையும் மறுக்க வேண்டும் என்றிருந்தால், தேவையற்ற செலவுகளை உறுப்பினர்கள் எளிதில் நுழைத்துவிடலாம். அதைத் தடுக்கவே, குறிப்பிட்ட ஒதுக்கீட்டை மட்டும் நீக்கும் அதிகாரத்தைப் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் ஆளுநருக்கு அளித்துள்ளன.

எவ்வளவு சிறிய துண்டை நீக்கலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல மாநிலங்களில் ஒரு தொகையும் அதன் நோக்கமும் சேர்ந்ததே ஓர் ஒதுக்கீடு. அதை அப்படியே நீக்க வேண்டும். விஸ்கான்சினின் 1930 திருத்தமோ, செலவு மசோதாவின் எந்தப் ‘பகுதி’யையும் மறுக்கலாம் என்றது. இரு கட்சி ஆளுநர்களும் அதை இழுத்து நீட்டினார்கள். எழுத்துகளை அடித்துப் புதுச் சொல் உருவாக்குவதை 1990-லும், வெவ்வேறு வாக்கியங்களின் துண்டுகளை ஒட்டுவதை 2008-லும் வாக்காளர்கள் தடுத்தார்கள். எவர்ஸ் கைவைத்ததோ ஒரே வாக்கியத்தில், அதிலும் இலக்கம் எழுத்தாகாது; எனவே இரண்டு தடையும் அவரைத் தொடவில்லை. 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என அதை ஏற்றது.

பள்ளிகளுக்குப் பணம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் யாரும் வாக்களிக்காத ஒரு சட்டத்தை அடித்தல் மூலம் பிறப்பிப்பதை மறுப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்க மத்திய அரசில் கதை வேறு. 1996-இல் நாடாளுமன்றம் இந்த அதிகாரத்தைச் சாதாரணச் சட்டமாகவே குடியரசுத் தலைவருக்கு அளித்தது. கிளின்டன் அதை 82 முறை பயன்படுத்தினார். இரு அவைகளும் நிறைவேற்றிய வாசகம்தான் சட்டமாக வேண்டும், அதைத் தலைவர் தனியாகத் திருத்த அரசமைப்பில் இடமில்லை என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை 6-3 எனச் செல்லாததாக்கியது. மாநில ஆளுநர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர்களது அரசமைப்புகளே அனுமதி தருகின்றன.

2425-ஐ மாற்ற விஸ்கான்சின் சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றலாம். அதற்கும் ஆளுநரின் கையெழுத்து வேண்டும். அவர் மறுத்தால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும்.