பருப்பு வேகாத தண்ணீருக்கு ஏற்ற மீன்

பெங்களூருக்குக் குடிவந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே புகார்தான்: போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகமாட்டேன் என்கிறது. காவிரித் தண்ணீர் வரும் நாளில் மூன்று விசிலில் குழைந்துவிடும் பருப்பு, போர் தண்ணீரில் ஆறு விசில் வைத்தாலும் முழித்துக்கொண்டு நிற்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பருப்பின் செல் சுவரிலுள்ள பெக்டினை இறுக்கிக் கட்டிவிடுவதுதான் காரணம். வாளியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவதிலும் அந்தக் கால்சியம்தான் இருக்கிறது.

சிக்லிட் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர் கடையில் நிறம் பார்ப்பதற்கு முன் வீட்டில் இந்த வாளியைப் பார்ப்பது நல்லது. 1,700க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. நம் ஏரிகளில் வலைக்கு வரும் ஜிலேபியும் கேரளத்துக் கரிமீனும்கூட அதில் சேர்த்திதான். மீன்தொட்டிக்கென்று விற்பவை பெரும்பாலும் இரண்டு திசையிலிருந்து வந்தவை. ஏஞ்சல், டிஸ்கஸ், ராம் ஆகியவை தென் அமெரிக்க ஆறுகளின், கால்சியம் குறைந்த மென்மையான தண்ணீருக்குப் பழகிய வம்சம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கோ காரத்தன்மை வேண்டும். அந்த ஏரியின் பிஎச் (7 என்றால் நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்) 7.7 முதல் 8.6 வரை இருக்கிறது.

போர் தண்ணீர் கைகொடுப்பது இங்கேதான். மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அந்த வேலையில் அமிலத்தையும் உண்டாக்குவதால், தொட்டியின் பிஎச் நாளுக்கு நாள் இறங்கப் பார்க்கும். தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருந்தால் அது அந்த அமிலத்தை விழுங்கிவிடும். ஆனால் போரிலிருந்து பிடித்த கையோடு பிஎச் அளக்காதீர்கள். நிலத்தடியில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு பிஎச்சைக் குறைத்துக் காட்டும். ஒரு வாளியில் ஏர் பம்ப்பை ஓடவிட்டு மறுநாள் பாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு: காவிரி, போர், கோடையில் டேங்கர் எல்லாம் ஒரே சம்ப்பில் கலக்கும். மாதம் ஒருமுறையாவது அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவும் தெரிவதற்கு முன் நான் நிறத்தில் மயங்கியவன். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமுமாகத் தொட்டி, ஏறக்குறைய 250 லிட்டர். சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு கடையில் ஆராட்டஸ் என்ற மலாவி சிக்லிட்டின் நான்கு குஞ்சுகள் வாங்கினேன். மஞ்சள் உடம்பு, நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். ஐந்தாவது மாதம் ஒன்றின் மஞ்சள் புகை படிந்தாற்போல மங்கியது. சில வாரங்களில் உடம்பு கறுத்து, கோடுகள் வெளிறி, பழைய ஃபிலிம் சுருளில் பார்க்கும் நெகட்டிவ் போல ஆகிவிட்டது. மற்ற மூன்றும் கிழிந்த துடுப்புகளோடு ஹீட்டருக்குப் பின்னால் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. அடுத்த மாதத்துக்குள் இரண்டு செத்துப்போயின.

நோய் என்றே நினைத்தேன். உண்மையில் நடந்தது பட்டாபிஷேகம். ஆராட்டஸில் குஞ்சுக்கும் பெண்ணுக்கும் மஞ்சள், ஆதிக்கம் பிடித்த ஆணுக்குக் கறுப்பு. ஏரியில் என்றால் தோற்ற மீன் அடுத்த பாறைக்குப் போய்விடும். மலாவி 500 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஏரி. நான்கடித் தொட்டியில் எங்கே போகும்? தொட்டி முழுவதும் அவன் பேட்டை.

இந்த மீன்களுக்கு இடம் மட்டுமல்ல, ஆளும் கணக்கு. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2007இல் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். டாங்கனிக்கா ஏரிப் பக்கத்து பர்ட்டோனி என்ற சிக்லிட்டை ஓரமாக வைத்து, ஐந்து ஆண் மீன்கள் இரண்டிரண்டாக மோதுவதைப் பார்க்கவிட்டார்கள். முதலாவது இரண்டாவதை வெல்லும், இரண்டாவது மூன்றாவதை வெல்லும், இப்படியே ஐந்தாவது வரை. பிறகு, தங்களுக்குள் மோதியே இராத இரண்டாவதையும் நான்காவதையும் காட்டியபோது, வேடிக்கை பார்த்த மீன் நான்காவதன் பக்கம்தான் போனது. யார் இளைத்தவன் என்று பார்த்தே கணக்குப் போட்டுவிட்டது!

ஆகவே மலாவி மீன்களை இரண்டு மூன்றாக வாங்குவதுதான் தவறு. ஒரே அளவில் பன்னிரண்டு, பதினைந்து குஞ்சுகளை ஒன்றாக விட்டால், துரத்துகிறவனுக்கு ஒரே இலக்கு கிடைக்காது. அடி பலருக்கும் பங்காகிவிடும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண், கற்களை அடுக்கி நிறைய பொந்துகள். புதிதாக மீன் விடும்போது கற்களைக் கலைத்து அடுக்கினால் பழைய பட்டாக்கள் எல்லாம் செல்லாது.

கூட்டத்துக்கு ஒரு விலை உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு, 25 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7 என்றால் 0.6 சதவீதத்துக்குள், பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். காரத் தண்ணீரில் ஃபில்டர் படுத்தால் மீனும் படுத்துவிடும். தொட்டிக்குத் தேவை என்று கடைக்காரர் சொல்வதைவிட ஒரு படி பெரிய ஃபில்டர் வாங்குங்கள். அதில் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள்.

எதை விடலாம்? என் ஓட்டு யெல்லோ லேபுக்கு. மலாவிக்காரர்களில் சாது. ஆஸ்கர் விரல் நீளத்தில் கண் சிமிட்டும், பிறகு ஓர் அடி வளரும். ஃபிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் உருவான கலப்பினம். வாஸ்து மீன் என்று விற்கிறார்கள். அதிர்ஷ்டம் வருமோ வராதோ, பக்கத்தில் வேறு மீன் வாழாது. காவிரி மட்டுமே வரும் வீடென்றால் ஏஞ்சல் நல்ல தேர்வு. டிசம்பர் இரவுகளுக்கு ஹீட்டர் மறக்காதீர்கள்.

இப்போது என் தொட்டியில் பதினான்கு யெல்லோ லேப். அதில் ஒன்று பத்து நாளாகத் தீனிக்கு வராமல் கல் பொந்தில் நிற்கிறது. தாடைக்குக் கீழே வெற்றிலை அடக்கியதுபோலப் புடைப்பு. ஜிலேபியைப் போல இதுவும் முட்டையை வாயிலேயே அடைகாக்கும் இனம். குஞ்சுகள் வெளியே வர மூன்று வாரத்துக்கு மேலாகும். அம்மா தினமும் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் சாப்பிடவில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.