கிரிட்ல காலம் (column) பேரை கொட்டேஷனுக்குள்ள எழுதாதீங்க, ப்ளீஸ்

ஏஎஸ்பி டாட்நெட் வெப் ஃபார்ம்ஸ்ல (மைக்ரோசாஃப்ட்டோட பழைய வெப் ஃப்ரேம்வொர்க்), டேட்டாவை டேபிளா காட்டுற கிரிட்ல இந்த மாசத்துல இது மூணாவது தடவை. ஆர்டர் கிளாஸ்ல கஸ்ட்நேம்னு இருந்த ப்ராபர்ட்டியை கஸ்டமர்நேம்னு மாத்தியிருக்காங்க, விஷுவல் ஸ்டுடியோ சி ஷார்ப் கோட் முழுக்க மாத்திக் குடுத்துடுச்சு, பில்ட் சக்சஸ், டெஸ்ட் சர்வர்லயும் பேஜ் ஜம்முனு தொறக்குது, ஏன்னா அங்க லிஸ்ட் காலி, ரோ இல்லன்னா ஈவல் (கொட்டேஷன்ல குடுத்த பேரை வெச்சு மதிப்பை எடுத்துக் காட்டுற ஃபங்ஷன்) ஓடவே ஓடாது. லைவ்ல முதல் ரோ வந்ததும் பேஜ் மொத்தமும் எரர்.

கேட்டா மூணு பேரும் சொன்னது ஒண்ணுதான்: "லிஸ்ட் ஆஃப் ஆர்டர்தானே ப்ரோ பைண்ட் பண்ணேன், ஸ்ட்ராங்லி டைப்ட்தானே?" அதாவது, பேர் தப்பானா கம்பைலரே பிடிச்சிடும்னு நெனப்பு. இல்லவே இல்ல. நீங்க குடுத்த லிஸ்ட்டுக்கு டைப் இருக்கு, கிரிட்டுக்கு அது தெரியாது. ஈவலுக்குள்ள இருக்குறது வெறும் ஸ்ட்ரிங், கம்பைலர் அதைத் தொடாது, ஓடுற நேரத்துலதான் அந்தப் பேர்ல ப்ராபர்ட்டி இருக்கான்னு தேடும். ஒரு காலத்தை நேரா காட்டுற பவுண்ட்ஃபீல்ட்ல பேர் குடுக்குற டேட்டாஃபீல்டும் அதே கதைதான். கிளாஸ் எழுதிட்டதால கிரிட்டுக்கு டைப் வந்துடாது!

வெப் ஃபார்ம்ஸ்லயே இருக்கீங்களா, 2012-ல வந்த டாட்நெட் 4.5-லயே ஐட்டம்டைப் இருக்கு, ரோவோட கிளாஸ் எதுன்னு கிரிட்டுக்குச் சொல்ற செட்டிங். அதைக் குடுத்துட்டு ஐட்டம் டாட்னு எழுதுங்க, எடிட் பண்ற இடத்துல பைண்ட்ஐட்டம். ஆனா இத்தோட நிம்மதியா தூங்கிடாதீங்க, சாதாரண பில்ட் ஏஎஸ்பிஎக்ஸ் மார்க்கப்பை (பேஜ் ஃபைல்ல இருக்குற கோடை) கம்பைல் பண்ணாது, டிப்ளாய்க்கு முன்னாடி ப்ரீகம்பைல் ஓட்டியே ஆகணும். எதை வெச்சு வரிசைப்படுத்தணும்னு சொல்ற சார்ட்எக்ஸ்ப்ரஷன் இன்னமும் ஸ்ட்ரிங்தான், பேர் மாத்தினா அதைக் கையாலதான் தேடணும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க மைக்ரோசாஃப்ட்டோட புது வெப் ஃப்ரேம்வொர்க்கான பிளேசர்ல குவிக்கிரிட்னு இருக்குற கிரிட்டை எடுத்துக்கோங்க, டாட்நெட் 8-ல இருந்து அதிகாரப்பூர்வமா இருக்கு. ப்ராபர்ட்டிகாலம்ல லாம்டாதான் (ஸ்ட்ரிங் இல்ல, கம்பைலர் பாக்குற குட்டி ஃபங்ஷன்), பேர் தப்பானா பில்டே நின்னுடும். சார்ட்டிங்கும் அதே லாம்டாவுலேர்ந்து வந்துடும்.

இன்னொண்ணு, இதுக்கு எனக்கு நிஜமாவே கோவம் வருது. தொகைக்கு கமா போடணும்னு வியூமாடல்லயே (பேஜுக்கு டேட்டா குடுக்குற கிளாஸ்) அமவுண்ட்டை ஸ்ட்ரிங் ஆக்கிடுறாங்க. பெரிய தொகை மேல வரணும்னு யூசர் ஹெட்டரை க்ளிக் பண்ணா 9,500 மேல நிக்குது, 12,000 கீழ கெடக்குது, ஸ்ட்ரிங்னா முதல் எழுத்துலேர்ந்துதானே ஒப்பிடும். எரரே வராது, கம்பைலரும் வாயைத் தொறக்காது, மேல இருக்குறதுதான் பெருசுன்னு நம்பி ஒருத்தர் ரிப்போர்ட் அனுப்பிடுவார். தயவுசெஞ்சு டெசிமலை டெசிமலாவே விடுங்க, தேதியை டேட்டைமாவே விடுங்க, கமாவும் தேதி வடிவமும் காலத்தோட ஃபார்மட்ல போட்டுக்கலாம். டெஸ்ட் சர்வர் லிஸ்ட்ல பத்து ரோவாவது போட்டு, ஒவ்வொரு ஹெட்டரையும் ஒருதடவை க்ளிக் பண்ணிப் பாத்துட்டு அனுப்புங்க.