அப்பாவின் மடிப்பு கேமராவைத் திறப்பதற்கு முன்

போன மாதம் ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அக்கா வந்து, பிளாஸ்டிக் பைக்குள் துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு கேமராவை எடுத்து, நான் பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் மேசையில் வைத்தார். ஜைஸ் ஐக்கோன் நெட்டார், 1950களில் செய்தது. "அப்பாவோடது தம்பி. அவர் போய் இருபது வருசமாச்சு. ஓடுமான்னு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே பின்கதவுக் கொக்கியில் விரலை வைத்துவிட்டார். "திறக்காதீங்கக்கா!" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மேசை விளக்கை மட்டும் அணைத்துவிட்டு, பின்னால் இருக்கும் சிவப்பு ஜன்னலின் மூடியை லேசாகத் தள்ளிப் பார்த்தால் 7 என்ற எண் தெரிந்தது. உள்ளே பிலிம் இருக்கிறது.

இதற்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவை எழுதுகிறேன். பினாங்கில் நம் வீடுகளில் தாத்தாவோ அப்பாவோ விட்டுப்போன மடிப்பு கேமராக்கள் இன்னும் எத்தனையோ அலமாரிகளில் கிடக்கின்றன, எடுத்தவுடன் எல்லோரும் முதலில் செய்வது பின்கதவைத் திறப்பதுதான். இவற்றில் போடும் 120 என்ற அளவு பிலிமின் முதுகில் ஒரு காகிதம் ஓடும், அதில் அச்சடித்த எண்தான் ஜன்னலில் தெரிவது. 6x6 செ.மீ. படம் எடுக்கும் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம், ஆக 7 தெரிந்தால் குறைந்தது ஆறு படம் எடுத்தாகிவிட்டது. ஜன்னலில் எண் எதுவும் இல்லையென்றாலும் நம்பிவிடாதீர்கள், முழுச் சுருளும் ஓடி முடிந்து கழற்றாமல் விட்டிருக்கலாம். சந்தேகமாக இருந்தால் கும்மிருட்டில் திறந்து கையால் தடவிப் பாருங்கள்.

அக்காவின் சுருளைக் கறுப்பு வெள்ளை முறையில் கழுவினோம். பழைய கலர் பிலிமாக இருந்தாலும் இப்படிக் கழுவினால் ஏதாவது உருவம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. வெயில் காலமும் மழைக் காலமுமாக இத்தனை வருடம் அலமாரிச் சூட்டில் கிடந்ததால் படம் முழுக்கப் புகை படிந்த மாதிரி இருந்தது, ஆனாலும் நான்கு படங்கள் தேறின. ஒன்றில் வாசல்படியில் இரட்டைச் சடை போட்ட சிறுமி, ஒரு காலில் மட்டும் செருப்பு. அக்கா அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவே இல்லை.

சரி, கேமராவுக்கு வருவோம். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், லென்ஸில் பூஞ்சை பிடிக்க இது தாராளம். பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் உறையில் போட்டு, துணிமணிக்கு அடியில் தள்ளி வைப்பதுதான் பெரிய கேடு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு லென்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பூஞ்சை சிலந்தி நூல் மாதிரி மெல்லிசாகத் தெரியும்போதே கொண்டுவந்தால் துடைத்து எடுத்துவிடலாம், வருடக்கணக்கில் விட்டால் மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. உறையைத் தனியாக வையுங்கள். கேமராவை உலர் பெட்டியில் 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். ரொம்பவும் காய வைத்தாலும் துருத்தியின், அதாவது லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே மடிந்து விரியும் பகுதியின், தோல் வெடிக்கும்.

துருத்தி என்றதும் ஞாபகம் வருகிறது, வாங்குவதற்கு முன் அதைச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கேமரா பார்க்கப் போகிறவர்கள் பையில் ஒரு சின்ன டார்ச் கொண்டுபோங்கள். உள்ளே பிலிம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பின்கதவைத் திறந்து துருத்திக்குள் டார்ச்சை வைத்து, மேலே ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு மடிப்பு மூலைகளைப் பாருங்கள். ஓட்டை முதலில் விழுவது மூலையில்தான். ஓரிரண்டு ஊசித்துளை என்றால் கறுப்புத் துணிச்சாயமும் பசையும் கலந்து தடவி அடைத்துவிடலாம், மூலையெல்லாம் நட்சத்திரம் மாதிரி மின்னினால் துருத்தியையே மாற்ற வேண்டும். அக்ஃபா கேமராக்களில் இது அடிக்கடி நடக்கும்.

அக்ஃபா ஐசோலெட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. தூரம் வைக்கும் வளையத்துக்குள் அந்தக் காலத்தில் போட்ட கிரீஸ் பச்சையாக மாறி, காய்ந்த கோந்து மாதிரி இறுகிக்கிடக்கும். வளையம் அசையாது. ஆத்திரப்பட்டுக் குறடு வைத்துத் திருகுவார்கள், "டக்"கென்று சுற்ற ஆரம்பித்துவிடும், சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் முன் கண்ணாடியும் நடுக் கண்ணாடியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஷட்டரிலிருந்து சேர்ந்தே கழன்று வரும், எடுக்கும் ஒவ்வொரு படமும் மங்கலாகத்தான் விழும். நான் அந்த இரண்டையும் சேர்த்துக் கழற்றி, லைட்டர் எண்ணெயில் இரவெல்லாம் ஊறவைத்து, முடி உலர்த்தியால் கொஞ்சம் சூடு காட்டி, கையாலேயே மெதுவாகப் பிரிப்பேன். சில நேரம் மூன்று நாள் ஆகும், ஆகட்டும். பிறகு ஷட்டரை பி-யில் (பொத்தானை அழுத்திப் பிடிக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து வைத்து, பிலிம் ஓடும் இடத்தில் தேய்த்த கண்ணாடித் துண்டை வைத்து, வெல்ட் கீ கரையில் நின்று அக்கரை பட்டர்வொர்த் துறைமுகப் பாரந்தூக்கிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, கம்பிகள் கூர்மையாகத் தெரியும் இடத்தில் வளையத்தை வெகுதூரக் குறியில் (∞) பூட்டுவேன்.

ஷட்டருக்குள் எண்ணெய் விடாதீர்கள், தையல் மிஷின் எண்ணெயானாலும் சரி, துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயானாலும் சரி. அந்த மெல்லிய இதழ்கள் காய்ந்தே ஓட வேண்டியவை, ஒரு சொட்டு போதும், இரண்டு வாரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு விநாடி வைத்தால் மூன்று விநாடி இழுக்கிறதா, அது அழுக்கு, கழுவினால் போய்விடும். பொத்தானே அசையவில்லையா, அழுத்தாதீர்கள். பிலிமை நகர்த்தாமல் அடுத்த படம் எடுக்கவிடாத பூட்டு சில மாடல்களில் உண்டு. பழைய ஷட்டரில் தாமத விசையை (சில விநாடி கழித்துத் தானே படம் எடுக்கும் டைமர்) மட்டும் தொடாமல் விடுவது நல்லது, பாதியில் நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

பிலிம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: 120 அளவு 1901இல் வந்தது, இன்னும் விற்கிறார்கள். பழைய கோடாக் சிலவற்றுக்குத் தேவையான 620 பிலிம் 1995இல் நின்றுவிட்டது, ஆனால் 120 பிலிமையே இருட்டில் 620 சுருளுக்கு மாற்றிச் சுற்றிப் போடலாம்.

அக்காவின் நெட்டார் இப்போது ஓடுகிறது. தைப்பூசத்துக்கு எடுத்துப்போவதாகச் சொன்னார். தூரம் 5 மீட்டர், வெளிச்சம் நுழையும் துளை 11 (f/11) என்று வைத்துக் கொடுத்தேன், சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டர் வரை தெளிவாக விழும், கூட்டத்தில் வளையத்தைத் தேடவே வேண்டாம். "முன்கதவ மெதுவாத் திறங்கக்கா, படார்னு திறந்தா துருத்தி காத்தை உறிஞ்சும், பிலிம் முன்னால வந்துடும். திறந்ததுக்கு அப்புறம்தான் அடுத்த எண்ணுக்குச் சுத்தணும்" என்றேன். என் கண் முன்னாலேயே மூன்று தடவை திறந்து மூடிக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.