ஓட்டுமீன் விவசாயமா, சிப்பி வளர்ப்பா?

கேரளத்தின் காசர்கோட்டுக் காயலில் கயிற்றில் கல்லுமேக்காய் என்ற சிப்பியை வளர்ப்பதைக் காட்டிய ஒரு படத்தில், தமிழ்க் குரல் திரும்பத் திரும்ப 'ஓட்டுமீன் விவசாயம்' என்றது. இந்தச் சொல்லை இதற்கு முன்பும் பலமுறை கேட்டுவிட்டேன். இனிப் பொறுப்பதற்கில்லை.

சிப்பி பழைய சொல். புறநானூற்றில் 'இப்பி' என்று வருகிறது. பாலியிலும் பிராகிருதத்திலும் 'சிப்பி' உண்டு. யாரிடமிருந்து யார் பெற்றார் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. அது இங்கே நமக்கு வேண்டியதும் இல்லை. இரண்டு ஓடுகளுக்குள் வாழும் கடலுயிரைச் சொல்ல நமக்குச் சொல் இருக்கிறது. அதற்குள் வகை பிரிக்கவும் இருக்கிறது: முத்துச்சிப்பி, பாறையில் ஒட்டி வளரும் ஆளி, மணலில் புதையும் மட்டி.

இத்தனையும் இருக்க, ஆங்கிலத்தின் 'ஷெல்ஃபிஷ்' என்பதை இரண்டாக உடைத்து, ஓடு என்றும் மீன் என்றும் ஆக்கி ஒட்டியிருக்கிறார்கள். நீரில் வாழ்வதையெல்லாம் 'ஃபிஷ்' என்பது அந்த மொழியின் பழைய வழக்கம். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. ஆங்கிலச் சொல்லில் இறாலும் நண்டும் அடங்கும். 'ஓட்டுமீன் பண்ணை' என்று படிக்கும் நாகப்பட்டினத்துக்காரர் மனத்தில் இறால் பண்ணைதான் வந்து நிற்கும். இறால் பண்ணைகளால் வயலும் குடிநீரும் உப்பாகிப் போன ஊர்களுக்கு அது சாதாரணச் சொல் அல்ல. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிப்பி வளர்ப்பு முற்றிலும் வேறு தொழில். குளம் வெட்ட வேண்டாம், தீவனம் போட வேண்டாம். சிப்பி கடல்நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துத் தின்று, நீரை வெளியே விடும். காசர்கோட்டில் கல்லுமேக்காய்க் குஞ்சுகளைப் பருத்தித் துணியால் கயிற்றைச் சுற்றி வைத்துக் கட்டுகிறார்கள். சில நாளில் துணி மட்கிப்போகும். அதற்குள் குஞ்சுகள் தம் நூலிழைகளால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். மழைக்காலம் முடிந்து கயிற்றை நீரில் இறக்கி, அடுத்த மழைக்கு முன் எடுத்துவிடுவார்கள். இதையும் இறால் குளத்தையும் ஒரே பெயரில் அடைப்பது வாசகரை ஏமாற்றுவதாகும்.

அடுத்தது 'விவசாயம்'. கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, பட்டுப்புழு வளர்ப்பு என்கிறோம். கோழி விவசாயம் என்று யாரும் சொல்வதில்லை. பயிரல்லாத உயிர் எதுவானாலும் தமிழில் அது வளர்ப்புதான். 1973இல் தூத்துக்குடியருகே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச்சிப்பிக்குள் உருண்டை முத்தை விளைவித்தார்கள். அத்தகைய முத்தை நாம் 'வளர்ப்பு முத்து' என்றுதான் சொல்கிறோம். சொல் கைவசம் இருந்தது, எடுக்கத்தான் ஆளில்லை.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தாம் இரண்டு ஓடுள்ள உயிரைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'பைவால்வ்' என்பதை 'இரட்டை வால்வு உயிரி' என்றும் எழுதுகிறார்கள். படிக்கிற பிள்ளைக்குக் குழாய் வால்வுதானே நினைவுக்கு வரும்? இலத்தீனில் 'வால்வா' என்பது இரட்டைக் கதவின் ஒரு பக்கத்தைக் குறிக்கும். சிப்பி திறந்து மூடுவதைப் பார்த்து வைத்த அழகான பெயர் அது. மூலத்தின் பொருளைப் பாராமல் ஒலியை மட்டும் தூக்கி வந்ததால் அந்தக் கதவு காணாமல் போயிற்று. 'ஈரோட்டுச் சிப்பி' என்று சிலர் எழுதுவதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஈரோட்டிலிருந்து வந்த சிப்பி என்றும் படிக்க இடம் தருகிறது. நான் 'இரட்டை ஓட்டுச் சிப்பி' என்று எழுதுகிறேன், அதுவும் வகைப்பாட்டைப் பேசும் இடத்தில் மட்டும். மற்ற இடங்களில் சிப்பி என்றாலே போதும்.