ரிசர்வ் என்று ஒன்று காரில் இல்லை

காரின் டேஷ்போர்டில் பெட்ரோல் பம்ப் உருவம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்ததும், ஓட்டுபவர் வாயிலிருந்து பெரும்பாலும் வருவது "ரிசர்வ் விழுந்துவிட்டது" என்ற சொல்தான். உடனே பின் இருக்கையிலிருந்து ஒருவர், "இன்னும் 50 கிலோமீட்டர் தாராளமாக ஓடும்" என்று அடித்துச் சொல்வார். இரண்டு கூற்றுகளிலும் பிழை உண்டு. காரில் ரிசர்வ் என்று தனியாக எதுவும் கிடையாது. அந்த விளக்கோ தூரத்தைப் பற்றி ஏதும் அறியாது. டேங்குக்குள் ஒரு மிதவை எந்த அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது என்பது ஒன்றே அதற்குத் தெரிந்த செய்தி.

ரிசர்வ் என்ற சொல் நமக்கு இருசக்கர வாகனத்திலிருந்து வந்தது. கார்புரேட்டர் பொருத்திய பழைய மோட்டார் சைக்கிள்களில் டேங்கின் அடியில் ஒரு குழாய்த்திருகு இருக்கும். அதற்குள் இரண்டு வழிகள்: ஒன்று டேங்குக்குள் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் சிறு குழல், மற்றொன்று அடிமட்டத்திலேயே திறந்திருக்கும் துளை. வழக்கமான நிலையில் உயரமான குழல் வழியாக மட்டுமே பெட்ரோல் இறங்கும். பெட்ரோல் மட்டம் அக்குழலின் வாய்க்குக் கீழே போனதும் என்ஜின் திக்கித் திணறும். ஓட்டுபவர் இடது கையைக் கீழே நீட்டித் திருகைத் திருப்பினால் அடித்துளை திறந்து, எஞ்சிய ஒன்றிரண்டு லிட்டர் இறங்கத் தொடங்கும். அங்கே ரிசர்வ் என்பது குழலின் உயரத்தால் பிரித்து வைக்கப்பட்ட, அளவு மாறாத ஓர் இருப்பு. ஜெர்மானியரின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரிலும் 1960-களின் தொடக்கம் வரை பெரும்பாலும் எரிபொருள் அளவைக் காட்டும் முள்ளே இல்லை. வண்டி திணறும்போது காலருகே உள்ள நெம்புகோலைத் தள்ளினால் கடைசி 5 லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் கிடைக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் நம் ஊர் மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலானவை எரிபொருள் உட்செலுத்தும் முறைக்கு மாறியதால், அந்தத் திருகு ஏறக்குறைய மறைந்துவிட்டது. சொல் மட்டும் நம் நாவில் தங்கிவிட்டது.

இன்றைய காரில் எரிபொருளை அளப்பது ஓர் எளிய கருவி. டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை இருக்கிறது. மட்டம் இறங்க இறங்க மிதவையும் இறங்கி, கம்பியின் மறுமுனையை மின்தடைப் பட்டை ஒன்றின்மேல் நகர்த்துகிறது. தடை மாறினால் மின்னோட்டம் மாறும். அந்த மாற்றமே டேஷ்போர்டில் முள்ளின் அசைவாகத் தெரிகிறது. பழைய கார்களில் அந்த மின்னோட்டம், இரு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகட்டைச் சூடாக்கும். இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் தகடு வளைந்து முள்ளைத் தள்ளும். தகடு சூடேறவும் ஆறவும் நேரம் பிடிக்கும் என்பதால், டேங்குக்குள் பெட்ரோல் எவ்வளவு அலைபாய்ந்தாலும் முள் நடுங்காமல் நின்றது. மந்தமான கருவியாக இருப்பதே அங்கே அதன் நற்குணம். இப்போது அந்த வேலையைச் சிறு கணினி செய்கிறது: மிதவை அனுப்பும் அளவுகளைத் தொடர்ந்து வாங்கி, சராசரி எடுத்து, அதன்பிறகே முள்ளை நகர்த்துகிறது.

எச்சரிக்கை விளக்குக்குப் பழைய கார்கள் பலவற்றில் தனி உணரி ஒன்று இருந்தது. வெப்பம் ஏறினால் மின்தடை குறையும் தன்மையுள்ள ஒரு சிறு மணியை டேங்கின் அடிப்பகுதியில் பொருத்தியிருப்பார்கள். பெட்ரோலில் மூழ்கியிருக்கும் வரை அது குளிர்ந்தே இருக்கும். தடை மிகுதியாக இருப்பதால் விளக்கு எரியாது. மட்டம் இறங்கி அது வெளியே தெரிந்ததும், தன்னுள் ஓடும் சிறு மின்னோட்டத்தாலேயே சூடேறி, தடை குறைந்து, விளக்கை எரிய விடும். இன்றைய கார்களில் பெரும்பாலும் மிதவையின் அளவு குறித்த வரம்புக்குக் கீழே போனதும் கணினியே விளக்கை ஏற்றிவிடுகிறது. அந்த வரம்பு எது என்பதைத் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். நம் சாலைகளில் காணும் சிறிய, நடுத்தரக் கார்களில் அது பொதுவாக டேங்கின் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை அமைகிறது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மிதவை அளப்பது உயரத்தை. நமக்கு வேண்டியதோ கன அளவு. டேங்க் ஒரு நேரான பெட்டியாக இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். ஆனால் காரின் டேங்க், பின் இருக்கைக்கு அடியில் அச்சு, புகைக்குழாய், தரைத்தகடு ஆகியவை விட்டுவைத்த இடத்தை எல்லாம் நிரப்பும்படி பிளாஸ்டிக்கில் ஊதி வார்க்கப்பட்ட, மேடுபள்ளமான ஒரு பாத்திரம். ஒரு சென்டிமீட்டர் இறக்கம் மேல்பகுதியில் ஓர் அளவையும் அடிப்பகுதியில் வேறோர் அளவையும் குறிக்கும். பின்சக்கரங்களுக்கு விசை செலுத்தும் கார்கள் சிலவற்றில், நடுவே தண்டு செல்வதற்காக டேங்கைக் குதிரைச் சேணம் போல இரண்டு மடல்களாக அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு மடலிலும் ஒரு மிதவை வேண்டும், ஒரு மடலில் உள்ள எரிபொருளை மற்றதற்கு இழுத்துவரத் தனி ஏற்பாடும் வேண்டும். டேங்கின் வடிவத்துக்கு ஏற்ற ஒரு பட்டியலைக் கணினியில் பதித்து இந்தக் கோணலைப் பெருமளவு நேர் செய்துவிடுகிறார்கள். நேர் செய்ய முடியாதது சாய்வு. ஏற்றத்தில் வண்டி நிமிரும்போது பெட்ரோல் பின்னால் ஒதுங்குகிறது. மிதவை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து, இருப்பது கூடவோ குறையவோ தெரியும். சமதரையில் அணைந்திருந்த விளக்கு மலைப்பாதையில் எரிவதும், இறங்கி வந்ததும் அணைந்துவிடுவதும் இதனால்தான்.

மின்தடைப் பட்டைக்கும் வயதாகிறது. எரிபொருளில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அதன் தொடுமுனைகளை அரித்துக் கறையேற்றும். பல ஆண்டு ஓடிய காரில் முள் சில இடங்களில் குதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே விளக்கு எரியும் தருணத்தில் "5 லிட்டர் இருக்கிறது" என்று கையேடு சொன்னால், அதை நான்கிலிருந்து ஆறு வரை என்று படிப்பதே அறிவுடைமை.

அந்த ஐந்து லிட்டர் முழுவதும் என்ஜினுக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. டேங்குக்குள்ளேயே அமர்ந்திருக்கும் மின்பம்ப், வளைவுகளில் பெட்ரோல் ஒதுங்கும்போது காற்றை உறிஞ்சிவிடாமல் இருக்க, ஒரு சிறு கிண்ணத்துக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. கிண்ணத்துக்கு எட்டாமல் டேங்கின் மூலைகளில் தங்கிவிடும் எரிபொருள் சில நூறு மில்லிலிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இருக்கலாம். கணக்குக்கு 4 லிட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இனி மைலேஜ். திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கிச் செல்லும் நான்குவழிச் சாலையில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் ஒரு சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தருவதாகக் கொண்டால், 4 லிட்டருக்கு 72 கிலோமீட்டர். அதே கார் மாலை நேரத்து அண்ணா சாலையில், ஏசி ஓட, சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகரும்போது லிட்டருக்கு 10 கொடுத்தால் பெரிது. ஆக 40 கிலோமீட்டர். வண்டி நகராமல் ஏசியோடு நிற்கும்போதும் மணிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரிந்துகொண்டே இருக்கும் என்பதை நெரிசலில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பங்க் எங்கே என்று தேடும் பதற்றத்தில் வேகத்தைக் கூட்டுவது இன்னும் மோசம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 80-இலிருந்து 110-க்குப் போனால் அது ஏறக்குறைய 1.9 மடங்காகிவிடும். சீக்கிரம் போய்ச் சேர நினைப்பவர் போய்ச் சேராமலே நிற்கும் வாய்ப்பைத் தாமே பெருக்கிக்கொள்கிறார்.

மலை ஏற்றத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது, ஆனால் போட்டுப் பார்க்க எளியது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள காரை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டுமானால், எடையையும் உயரத்தையும் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐயும் பெருக்க வேண்டும், சுமார் 1.2 கோடி ஜூல் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 3.2 கோடி ஜூல் ஆற்றல் இருந்தாலும், என்ஜின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தரும் என்று கொண்டால் நமக்குக் கிடைப்பது 80 லட்சம் ஜூல். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டும் ஒன்றரை லிட்டர் வேண்டும். சாலையில் உருள்வதற்கான செலவு இதற்கு மேல். அடிவாரத்தில் விளக்கு எரிந்தபின் மேலே ஏறத் தொடங்குபவர், கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயரத்துக்கே காணிக்கையாகக் கொடுத்துவிடுகிறார்.

இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் கணக்கைச் சற்றுக் குறைக்கிறது. எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்கு ஏறக்குறைய 2.1 கோடி ஜூல் மட்டுமே என்பதால், கலவையின் ஒரு லிட்டரில் தூய பெட்ரோலைவிட 6 முதல் 7 விழுக்காடு வரை ஆற்றல் குறைவு. எழுபது கிலோமீட்டரில் நான்கைந்து கிலோமீட்டர் என்பது பெரிய இழப்பாகத் தோன்றாது. அடுத்த பங்க் அந்த நான்காவது கிலோமீட்டரில் இருந்தால் தோன்றும்.

இவை அனைத்தையும் கணினியே கணக்கிட்டு, "இன்னும் 62 கி.மீ." என்று திரையில் காட்டிவிடுகிறதே என்று கேட்கலாம். அந்த எண், மிதவை சொல்லும் லிட்டரை அண்மையில் கிடைத்த சராசரி மைலேஜால் பெருக்கிப் பெறுவது. முன்னால் மலை இருப்பதும் நெரிசல் இருப்பதும் அதற்குத் தெரியாது. நெடுஞ்சாலையிலிருந்து நகருக்குள் நுழைந்தவுடன் 62 என்பது நான்கு கிலோமீட்டர் ஓடுவதற்குள் 45 ஆகிவிடுவதைக் கண்டு கணினி பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. அது தன் தவறான நம்பிக்கையைத் திருத்திக்கொள்கிறது. பல கார்களில் எண் மிகவும் சுருங்கியதும் வெறும் கோடுகள் மட்டுமே தெரியும்.

முழுவதும் தீரும் வரை ஓட்டினால் என்ன ஆகும்? மின்பம்பின் மோட்டாருக்குக் குளிர்ச்சியும் வழுக்கும் தன்மையும் தருவது, அதைச் சூழ்ந்தும் அதனூடே ஓடியும் செல்லும் எரிபொருளே. காற்றை உறிஞ்சத் தொடங்கினால் அது சூடேறித் தேயும். ஒருமுறை நடந்தால் தப்பிவிடலாம், வழக்கமானால் ஆயுள் குறையும். பெட்ரோலுக்குள் மின்மோட்டார் சுழல்வது தீப்பிடிக்காதா என்ற ஐயம் இயல்பானது. பெட்ரோல் ஆவி, காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் பற்றும். டேங்கின் வெற்றிடத்தில் ஆவியின் பங்கு வழக்கமாக அதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதால், எரியப் போதிய ஆக்சிஜன் அங்கே இல்லை. அடியில் உள்ள கசடு மேலே ஏறிவிடும் என்ற அச்சமும் பாதி உண்மைதான், ஏனெனில் டேங்க் நிறைந்திருக்கும்போதும் பம்ப் அடியிலிருந்துதான் இழுக்கிறது.

டீசல் காரில் விளைவு கடுமையானது. மெக்கானிக்குகள் "ஏர் பிடித்துவிட்டது" என்று சொல்வது குழாய்களுக்குள் புகுந்த காற்றை; அதை வெளியேற்றாமல், டீசல் ஊற்றினால் மட்டும் வண்டி கிளம்பாமல் போகலாம். எரிபொருளைக் காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்துக்கு ஏற்றும் பம்பின் உலோகப் பாகங்களுக்கு டீசலே மசகு என்பதால், அது வறண்டு சுழன்றால் உதிரும் உலோகத் துகள்கள், என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போகும். அந்தச் செலவு பல முழு டேங்குகளுக்குச் சமம்.

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டிச் சேமிக்கும் பழக்கம் தனியாகக் கண்டிக்கத்தக்கது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய என்ஜின்கள் எரிபொருளை முழுவதுமாக நிறுத்திவிடுகின்றன; சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் என்ஜின் தானாகச் சுழல வேண்டியிருப்பதால் அங்கேதான் பெட்ரோல் எரிகிறது. என்ஜினையே அணைத்துவிட்டால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தமும் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும்.

உங்கள் காரின் விளக்கு எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்பதை நீங்களே அளக்கலாம். சமதரையில் விளக்கு எரிந்ததும் அருகில் உள்ள பங்குக்குப் போய், குழாய் முதல் முறை தானாக நிற்கும் வரை மட்டும் நிரப்பி, பில்லில் உள்ள லிட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை இப்படிச் செய்து, மூன்றிலும் எது மிக அதிகமோ அதை, கையேட்டில் உள்ள கொள்ளளவிலிருந்து கழியுங்கள். 37 லிட்டர் டேங்கில் 32 லிட்டர் ஏறினால் மிச்சம் 5. பம்புக்கு எட்டாத ஒரு லிட்டரையும் கழித்தால் 4. அதை உங்கள் கார் தரும் மிகக் குறைந்த மைலேஜால் பெருக்க வேண்டும். கையேட்டில் உள்ள கொள்ளளவு, ஆவிக்கும் விரிவுக்கும் இடம் விட்டு எழுதப்பட்ட எண் என்பதால் டேங்கில் உண்மையில் அதைவிடச் சற்று அதிகமாகவே பிடிக்கும். 37 லிட்டர் டேங்கில் 39 லிட்டர் எப்படி ஏறும் என்று பங்குகளில் மூளும் சண்டைகளில் சில, கழுத்து வரை நிரப்பச் சொன்னதால் வருபவை. நம் கணக்கில் அந்தக் கூடுதல் இடம் சேரவில்லை. எனவே உண்மையான மிச்சம் நாம் கண்ட விடையைவிடப் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.